ஃப்ருவாசார் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இது: "நூறாண்டுப் போரைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஃப்ருவாசார் என்ற பெயர் வருகிறது. அடுத்த பக்கத்திலேயே அவர் தந்த எண்கள் தவறு, தேதிகள் தவறு, பிரபுக்களுக்குத் துதி பாடியவர் என்றும் எழுதுகிறார்கள். நம்ப முடியாதவர் என்றால் அவரை ஏன் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்?"

நூறாண்டுப் போர் என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் 1337 முதல் 1453 வரை விட்டுவிட்டு நடந்த போர். அதன் முற்பகுதியை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர் ஃப்ருவாசார். பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விரிவுக்குப் போகிறேன். எண்ணிக்கை, தேதி, ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் இந்த மூன்றுக்கும் ஃப்ருவாசாரிடம் போகாதீர்கள். அதற்கெல்லாம் அரசாங்கக் கணக்கேடுகளும் படைச் சம்பளப் பட்டியல்களும் கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் சண்டை போட்டவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள், எதைச் சொல்ல மறுத்தார்கள், ஒரே சம்பவம் கேட்ட வாயைப் பொறுத்து எப்படி மாறியது என்று தெரிய வேண்டுமானால் அவரை விட்டால் ஆள் இல்லை. "இதை இவருக்கு யார் சொன்னது?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டே படிக்கவேண்டும். பல இடங்களில் அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். அதுதான் அவருடைய விசேஷம்.

அவர் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். ழான் ஃப்ருவாசார் 1337 வாக்கில் வலான்சியென் நகரில் பிறந்தவர். இன்று அது வட பிரான்சில் இருக்கிறது. அன்று அது எனோ என்ற சிறு நாடு. ஒரு கோமகன் ஆண்டுவந்த அது பிரெஞ்சு மன்னருக்கு உட்பட்டதல்ல, ஜெர்மானியப் பேரரசைச் சேர்ந்தது. ஆக அவரைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் என்பது மொழியை வைத்துத்தான். அந்த எனோ நாட்டுக் கோமகனின் மகள் பிலிப்பா, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மனைவி. நம் ஊர்ப் பெண் ராணியாக இருக்கிறாளே என்ற தைரியத்தில், 1360களின் தொடக்கத்தில், கையில் ஒரு செய்யுள் நூலோடு ஃப்ருவாசார் கடல் கடந்து போனார். ராணி ஆதரித்தார். 1369இல் ராணி இறக்கும் வரை அந்த அரண்மனையை நம்பி ஸ்காட்லாந்து, போர்தோ, மிலான் என்று சுற்றிவந்தார். அப்புறம் ஊர் திரும்பி ஒரு தேவாலயப் பங்கின் குருவானார். பின்னால் ஷிமே தேவாலயத்தில் கானன் (அங்குள்ள குருமார் குழுவின் உறுப்பினர்) பதவி கிடைத்தது. பூசையைவிட எழுத்துதான் அவருக்கு முழுநேர வேலை. ஒரு பிரபு போனால் இன்னொரு பிரபு என்று ஆதரவு மாறிக்கொண்டே இருந்தது. அவர் எழுதிய போர் வரலாற்றுக்கு நான்கு பெரிய பாகங்கள் சேர்ந்தன. 1320களின் நடுவில் தொடங்கும் கதை 1400இல் இங்கிலாந்து மன்னராக இருந்த இரண்டாம் ரிச்சர்டின் மரணம் வரை நீளுகிறது.

ராணியிடம் கொண்டுபோன அந்தச் செய்யுள் நூல் இன்று இல்லை. அவரே பின்னால் செய்யுளை விட்டு உரைநடைக்கு வந்துவிட்டார். இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். 1200 வாக்கிலிருந்தே பிரெஞ்சு மொழியில் "எதுகையோடு சொன்ன கதை எதுவும் மெய்யில்லை" என்ற பேச்சு புழக்கத்தில் இருந்தது. எதுகைக்காகச் சொல்லை வளைப்பவன் உண்மையையும் வளைப்பான் என்ற சந்தேகம். அதனால் உரைநடையில் எழுதுவதே "நான் கதை விடவில்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி ஆகிவிட்டது. காதல் கவிதையைப் பாட்டாகவும் போரை உரைநடையாகவும் எழுதி, ஃப்ருவாசார் இரண்டையும் கடைசிவரை தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்.

சரி, எண்களின் சங்கதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1346 ஆகஸ்ட் 26 அன்று நடந்த க்ரெசி போரில் பிரெஞ்சுப் பக்கம் பெரிய மனிதர்கள் போக சாதாரண வீரர்கள் மட்டும் சுமார் 30,000 பேர் செத்தார்கள் என்கிறார். அந்தக் களத்தில் இருந்த மொத்தப் படையே அவ்வளவு இருந்திருக்குமா என்று இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் 30,000 என்றால் "எண்ணித் தீராது" என்று அர்த்தம், அவ்வளவுதான். யாரும் பிணங்களை எண்ணி எழுதவில்லை என்று சொல்லிவிட முடியாது, எண்ணினார்கள். ஆனால் கேடயச் சின்னம் பார்த்து அடையாளம் சொல்லும் கட்டியக்காரர்கள் எண்ணியது சின்னம் உள்ளவர்களைத்தான். சின்னம் இல்லாத காலாளுக்குக் கணக்கும் இல்லை. பிரபுக்களைச் சொல்லும்போது ஓரளவு துல்லியமாக இருக்கும் எண், காலாள் என்று வந்ததும் வானத்தில் பறப்பதற்குக் காரணம் இதுவும்தான்.

இனி சுவையான பகுதி. முதல் பாகத்தின் பெரும்பகுதி அவர் பிறப்பதற்கு முன்பும் குழந்தையாக இருந்தபோதும் நடந்தவை. அப்போது எங்கிருந்து எடுத்தார்? லியேழ் நகரக் கானன் ழான் லெ பெல் என்பவர் எழுதிவைத்த வரலாற்றிலிருந்து. முன்னுரையில் அவர் பெயரைச் சொல்லி நன்றியும் சொல்கிறார். ஆனால் எவ்வளவு எடுத்தார் என்பது நீண்ட காலம் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் லெ பெல் எழுதிய நூல் கண்ணில் படாமலே இருந்தது. 1860களின் தொடக்கத்தில்தான் ஷாலோன் நகர நூலகத்தில் அதன் பிரதி கண்டுபிடிக்கப்பட்டு அச்சேறியது. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் பல பத்திகள் வரிக்கு வரி அப்படியே.

இதைத் திருட்டு என்று இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. நம்பகமான முன்னோர் சொன்னதை அப்படியே வழங்குவது அன்று மரியாதை. லெ பெல் நிஜமாகவே நம்பத் தகுந்த சாட்சி. 1327இல் ஸ்காட்லாந்துக்காரர்களைத் துரத்திக்கொண்டு இங்கிலாந்தின் வடக்கு மலைகளில் நனைந்து, பட்டினி கிடந்து திரிந்த படையில் அவரே இருந்தார். ஸ்காட்லாந்துக் குதிரைவீரன் சேணத்துக்கு அடியில் ஓர் அகலத் தகடும் பின்னால் ஒரு சிறு பை ஓட்ஸ் மாவும் வைத்திருப்பான், போகிற வழியில் தகட்டைத் தீயில் வைத்து மாவைக் கரைத்து ஊற்றித் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான், சமையல் வண்டியே வேண்டாம் என்று எழுதுகிறார். தோசைக்கல்லோடு போருக்குப் போன படை. இதைப் பார்க்காதவன் கற்பனையில் எழுத முடியாது. ஃப்ருவாசார் இதைக் கைவைக்காமல் எடுத்துக்கொண்டதற்கு நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

கைவைத்த இடம்தான் அதைவிட முக்கியம். சாலிஸ்பரி சீமாட்டியின் கதை. மூன்றாம் எட்வர்டை லெ பெல் மிகவும் மதித்தவர். அப்படிப்பட்டவர், மனம் நொந்து ஒரு குற்றத்தை எழுதுகிறார்: கணவன் வெளிநாட்டில் இருந்தபோது மன்னர் அந்தச் சீமாட்டியின் கோட்டைக்குப் போய் அவளைப் பலாத்காரம் செய்தார் என்று. ஃப்ருவாசார் என்ன செய்தார்? அமியென் நகரில் இருக்கும் கையெழுத்துப் பிரதியில் லெ பெல் பெயரைச் சொல்லியே மறுக்கிறார். "நான் இங்கிலாந்தில் நெடுநாள் இருந்தவன், மன்னர் மாளிகையிலும் பெரிய பிரபுக்கள் வீடுகளிலும் பழகியவன், இப்படி ஒரு பேச்சை ஒருபோதும் கேட்டதில்லை" என்பது அவர் வாதத்தின் சாரம். பலாத்காரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மன்னரும் சீமாட்டியும் ஒரு மோதிரத்தைப் பந்தயம் வைத்துச் சதுரங்கம் ஆடும் காட்சியை வைக்கிறார். காதல் கவிஞர் உள்ளே புகுந்துவிட்டார்!

இப்போது யாரை நம்புவது? இன்றைய ஆய்வாளர்களில் பலர் லெ பெல் சொன்னது பிரெஞ்சுத் தரப்பு பரப்பிய அவதூறாக இருக்கலாம் என்கிறார்கள். பெயர்கள், இடம், அந்தக் கணவர் எங்கே இருந்தார் என்ற தகவல் எதுவும் ஆவணங்களோடு பொருந்தவில்லை. அப்படியானால் ஃப்ருவாசார் சொன்ன முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அவர் தந்த காரணத்தைப் பாருங்கள்: மன்னர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன், அங்கே யாரும் மன்னரைப் பற்றித் தப்பாகப் பேசவில்லை. இது ஒரு சாட்சியமா? மன்னர் வீட்டில் யார் அதைப் பேசுவார்கள்? ஆனாலும் ஒன்று. அவர் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம், மூல நூல் யார் கையிலும் அதிகம் இல்லை. குற்றச்சாட்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதி, தான் ஏன் மறுக்கிறேன் என்றும் எழுதினார். தன் வாதத்தை நாம் உடைப்பதற்கான கருவியையும் நம் கையில் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர். இந்த ஓர் இடத்துக்காகவே அவரை நான் பொய்யர் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.

அமியென் பிரதி என்றேன். அதை விளக்கவேண்டும். முதல் பாகத்தை அவர் ஒருமுறை எழுதி முடிக்கவில்லை, திரும்பத் திரும்ப எழுதினார். குறைந்தது மூன்று பெரிய வடிவங்கள் உண்டு. ஒன்று ஏராளமாக நகலெடுக்கப்பட்டுப் பரவிய பொது வடிவம், இன்னொன்று அமியென் பிரதி, கடைசியாக வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் ரோம் பிரதி. முதல் இரண்டில் எது முந்தியது என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அவருடைய ஆதரவாளர்களில் ராபர்ட் து நமூர் பிலிப்பா ராணியின் தங்கையை மணந்தவர், ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். கி து ப்ளுவாவின் அப்பாவோ க்ரெசி களத்தில் பிரெஞ்சுப் பக்கம் நின்று செத்தவர். இந்த இருவருக்கும் ஒரே போரை ஒரே மாதிரி எப்படிச் சொல்வது? படிக்கிறவர் யார் என்பது எழுத்தில் தெரியத்தான் செய்கிறது. க்ரெசி போரில் ஆங்கிலேயர், பிரெஞ்சுப் பக்கம் கூலிக்கு நின்ற ஜெனோவா வில்லாளிகளை மிரட்டச் சில பீரங்கிகளை வெடித்தார்கள் என்று அமியென் பிரதி சொல்கிறது. பரவலான வடிவத்தில் பீரங்கியே இல்லை. ஆங்கிலேயரின் நெடுவில்லுக்குக் கிடைத்த வெற்றியில் புகையும் சத்தமும் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. பீரங்கி இருந்ததற்கு வேறு ஆதாரங்களும் உண்டு, ஆகவே இங்கே அமியென் பிரதிதான் சரி.

ரோம் பிரதி எனக்கு மிகவும் பிடித்தது. அறுபதைத் தாண்டிய கிழவர் எழுதியது. 1399இல் இரண்டாம் ரிச்சர்டை ஆங்கிலேயர் அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். போர்தோவில் அந்த ரிச்சர்ட் பிறந்தபோது ஃப்ருவாசார் அந்த ஊரில் இருந்தவர், 1367 ஜனவரியில். அவன் ஆட்சி முடிந்த விதத்தைக் கேட்ட பிறகு, எழுபது வருடத்துக்கு முந்தைய கதையை மறுபடி எழுத உட்காருகிறார். இளமையில் ஆங்கிலேயரைக் கண்டு வியந்த பேனா இப்போது வேறு தொனியில் ஓடுகிறது. அவர்கள் வெற்றி பெறாத அரசனை மதிக்கவே மாட்டார்கள் என்கிறார். 1327இல் இரண்டாம் எட்வர்டை அவர்கள் இறக்கியதை முன்பு எழுதியவருக்கு, 1399 அந்தப் பழைய நிகழ்வையே புதிதாகக் காட்டிவிட்டது.

அடுத்து அவருடைய பயணம். முதல் பாகம் பெரும்பாலும் இரவல் என்றால் மூன்றாம் பாகம் முழுக்க அவர் காலால் நடந்து (சரி, குதிரையில்) சேர்த்தது. 1388. வயது ஐம்பதை ஒட்டி. தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் என்ன நடக்கிறது என்று வடக்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், தென்மேற்குப் பிரான்சின் கஸ்கோனி மூன்றின் சேதியும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும் என்றால் ஓர்தேஸ் கோட்டைக்குப் போகவேண்டும், அங்கே ஃபுவா கோமகன் காஸ்தோன் ஃபெபூஸ் இருக்கிறார். கி து ப்ளுவா கொடுத்தனுப்பிய நான்கு வேட்டைநாய்களை அன்பளிப்பாக ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். நாய்களின் பெயர்கள்கூடத் தெரியும்: திரிஸ்தான், ஹெக்டர், ப்ரன், ரோலான். வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு வேறென்ன கொண்டுபோவது?

பாமியே ஊரிலிருந்து எஸ்பான் து லியோன் என்ற நைட் (பட்டம் பெற்ற குதிரைவீரர்) வழித்துணை. கோமகனின் ஆள், ஊர் உலகம் தெரிந்தவர். வழியில் ஒரு கோட்டை தெரிந்தால் ஃப்ருவாசார் கேட்பார், அது யாருடையது? எஸ்பான் அந்தக் கோட்டை எப்போது முற்றுகையிடப்பட்டது, யார் காட்டிக்கொடுத்தார், எவ்வளவு பணம் கைமாறியது என்று சொல்லிக்கொண்டே வருவார். சத்திரத்தில் இறங்கியதும், மாலையோ காலையோ, கேட்டதை உடனே எழுதிவைத்ததாகச் சொல்கிறார் ஃப்ருவாசார். எழுத்தைப்போல எதுவும் நினைவைப் பிடித்துவைக்காது என்பது அவர் நம்பிக்கை. ஒரு வரலாற்றாசிரியர் தகவல் சேர்ப்பதை இப்படி நேரடியாகப் பார்க்க, அந்த நூற்றாண்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பாரிஸ் பக்கத்தில் சேன்-தெனி மடத்துத் துறவிகள் பிரெஞ்சு மன்னர்களின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிவந்தார்கள். அரசு ஆவணங்கள் அவர்களைத் தேடி வந்தன. இவரோ சேதியைத் தேடி ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் எஸ்பான் வாய் திறக்கவில்லை. கோமகனின் ஒரே சட்டபூர்வ மகன் எப்படி இறந்தான்? அது மிகவும் துயரமான சங்கதி, ஓர்தேஸ் போனால் யாராவது சொல்வார்கள் என்று கடந்துவிட்டார். ஃப்ருவாசார் விடவில்லை. கோட்டையில் ஒரு வயதான பணிவீரரிடம் கேட்டு வாங்கிவிட்டார். மகனின் கழுத்தில் ஒரு சிறு பை தொங்கியது. அதில் இருந்த பொடியை நாய்க்குக் கொடுத்துப் பார்க்க நாய் செத்தது. நவார் மன்னர், அதாவது பையனின் தாய்மாமன், அப்பாவின் அன்பு அம்மாமேல் திரும்பும் என்று சொல்லிக் கொடுத்த பொடி அது. மகனை இருட்டறையில் அடைத்தார்கள். அவன் சாப்பிட மறுத்தான். கோபத்தோடு உள்ளே போன அப்பாவின் கையில் நகம் வெட்டும் சிறு கத்தி இருந்தது. "ஏன் சாப்பிடவில்லை?" என்று கழுத்தில் அதை வைத்து அழுத்திவிட்டுப் போனார். ஏதோ ஒரு நரம்பு அறுந்தது. பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான், இறந்தான்.

அற்புதமாகச் சொல்லப்பட்ட கதை. ஆனால் நம் கேள்வியைக் கேட்போம்: யார் சொன்னது? கோமகன் வீட்டு ஆள். கேட்டது யார்? கோமகன் வீட்டு விருந்தாளி, தினமும் நள்ளிரவில் அவரோடு சாப்பிடுகிறவர், தன் நீண்ட செய்யுட் காதையான மெலியாதோரை இரவுதோறும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறவர், புறப்படும்போது 80 ஃப்ளோரின் பொற்காசு வாங்கிக்கொள்ளப் போகிறவர். (அந்தப் பணத்தை அவிஞோனில் பறிகொடுத்தார். அதைப் பற்றியும் ஒரு கவிதை எழுதிவிட்டார்.) 1380இல் அந்த மகன் அப்பாவுக்கு எதிரான ஒரு சதியில் சிக்கினான் என்பதும், அப்பா கையில் செத்தான் என்பதும் உண்மை. அது விபத்து என்பது கோட்டைக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்ட கதை. சுவாரசியம் என்னவென்றால், ஃப்ருவாசார் அதை விபத்தாகவே எழுதுகிறார், ஆனால் எஸ்பான் வாய் மூடிய தருணத்தையும் எழுதியிருக்கிறார். விபத்து என்றால் எஸ்பான் ஏன் தயங்கவேண்டும்? இந்தச் சந்தேகத்தை வாசகர் மனத்தில் விதைத்தது அவர்தான், வேறு யாருமில்லை.

அதே ஓர்தேஸில் "நிலா" என்ற சத்திரம். கோமகனின் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகாததால் கணப்பருகே உட்கார்ந்திருந்தபோது பாஸ்கோ து மொலியோன் என்ற கூலிப்படைத் தலைவன் தன் கதையைச் சொல்கிறான். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளித் தட்டில்தான் சாப்பிடுகிறான். போர் நின்றால் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் கொள்ளைதான் தொழில் என்று ஒளிக்காமல் சொல்கிறான். தூரி கோட்டையைப் பிடித்தது எப்படி? ஊர்ப் பெண்கள் காலையில் தண்ணீர் எடுக்க வெளியே வரும் வழக்கம் தெரிந்து, ஆறு பேரோடு பெண் வேடம் போட்டு, முக்காடிட்டு, குடத்தோடு போய், குரலை மாற்றிப் பேசி உள்ளே நுழைந்துவிட்டான். அந்தக் கோட்டையை வைத்து 1,00,000 ஃப்ராங்க் சம்பாதித்ததாகப் பெருமை. இந்தக் கதையில் எவ்வளவு ஜோடனை என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு கூலிப்படைக்காரன் தன் வாழ்க்கையை ஒரு கணக்குப் புத்தகம்போல ஒப்பிப்பது, எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்காது.

கேட்டது ஒரு பக்கக் கதை என்று அவருக்கே தோன்றியபோது என்ன செய்தார் என்பதற்கு இன்னொரு சான்று. 1385இல் போர்ச்சுகலில் அல்ஜுபரோத்தா போர், ஸ்பெயின் பக்கத்துக் காஸ்தீல் மன்னர் படுதோல்வி. ஓர்தேஸில் கிடைத்தது தோற்ற பக்கத்துக் கதை, அதில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் சொன்னது. ஊர் திரும்பிய பின், போர்ச்சுகல் நைட் ஒருவர் நெதர்லாந்துப் பகுதியான ஸேலாந்தின் மிடல்பர்க் துறைமுகத்தில் காத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிப் போனார். ழுவாவ் ஃபெர்னாண்டஸ் பஷேக்கு என்பது அவர் பெயர். ஆறு நாள் கூட இருந்து அவர் பக்கத்துக் கதையை முழுக்க எழுதிக்கொண்டார். அப்புறம் இரண்டையும் கலந்து ஒன்றாக்கவில்லை. அதே பாகத்தில் முதலில் ஒரு அல்ஜுபரோத்தா, கொஞ்சம் தள்ளி இன்னொரு அல்ஜுபரோத்தா. படிக்கிறவர்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இருநூறு ஆண்டு கழித்துப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேஞ் இதற்காகத்தான் அவரைப் பாராட்டினார்: உலவிய வதந்திகளின் வேறுபாடுகளைக்கூட அப்படியே தருகிறார், தவறு தெரிந்தால் ஒப்புக்கொண்டு திருத்துகிறார், இது வரலாற்றின் கச்சாப் பொருள் என்ற பொருள்பட.

ஆனால் அவரே தன்னை வெறும் கச்சாப் பொருள் தருபவராக நினைக்கவில்லை. "இன்னின்னது இந்தக் காலத்தில் நடந்தது" என்று விஷயத்தைத் திறந்து காட்டாமல், தெளிவாக்காமல் எழுதினால் அது க்ரோனிக் (வெறும் காலவரிசைக் குறிப்பு), வரலாறு ஆகாது என்று மூன்றாம் பாகத்தில் ஓரிடத்தில் சொல்கிறார். வருடத்துக்கு ஒரு பத்தி எழுதும் மடத்துக் குறிப்பேட்டிலிருந்து தன்னை இப்படிப் பிரித்துக்கொள்கிறார். அவர் புத்தகத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரோ க்ரோனிக்தான். பாவம்.

துதி பாடியவர் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, கொஞ்சமல்ல. 1358இல் பாரிஸைச் சுற்றி விவசாயிகள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தார்கள், ழாக்கரி என்பார்கள். இதை லெ பெல் வழியாக எடுத்து எழுதுகிறார். ஒரு நைட்டை மனைவி பிள்ளைகள் கண்ணெதிரில் கம்பியில் குத்தித் தீயில் வாட்டினார்கள் என்கிறார். மோ நகரில் காஸ்தோன் ஃபெபூஸும் கூட வந்தவர்களும் அவர்களை விலங்குகளைப்போல வெட்டிச் சாய்த்ததை ரசித்து எழுதுகிறார். குட்டையும் கறுப்புமான ஆட்கள் என்று உருவத்தைக்கூட ஏளனம் செய்கிறார். தலைவன் பெயரைக் கேட்டால் பிரபுக்கள் விவசாயிக்கு வைத்த கிண்டல் பெயரான "ழாக் பொனோம்" என்பதையே சொல்கிறார். உண்மைத் தலைவர் கியோம் கால் என்பது மற்ற ஆதாரங்களிலிருந்து நமக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே ழான் து வெனெத் என்ற கார்மேல் சபைத் துறவி லத்தீனில் எழுதினார். அவர் அந்தக் கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை, ஆனால் பிரபுக்கள் தங்களைக் காப்பாற்றாமல் வரி மட்டும் பிடுங்கியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கிளர்ச்சியைச் சொல்கிறார். ஃப்ருவாசாருக்கு அந்த "ஏன்" தேவைப்படவில்லை. குடிசைக்குள் போய்க் கேட்டு வர எந்த எஸ்பானும் அவருக்குக் கிடைக்கவில்லை, அவர் தேடவும் இல்லை.

ஆனால் 1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் எழுந்தபோது ஒரு வேடிக்கை. ஜான் பால் என்ற கென்ட் பகுதிப் பாதிரியைப் பைத்தியக்காரன் என்று திட்டிவிட்டு, அவன் என்ன பிரசங்கம் செய்தான் என்று எழுதுகிறார். எல்லோரும் ஆதாம் ஏவாளின் பிள்ளைகள் என்றால் அவர்கள் எப்படி நமக்கு எஜமான்கள்? அவர்களுக்கு வெல்வெட், நமக்குக் கந்தல். அவர்களுக்கு ஒயினும் மசாலாவும் நல்ல ரொட்டியும், நமக்கு ரை தானியமும் தவிடும் தண்ணீரும். இப்படிப் போகிறது. அப்போது ஃப்ருவாசார் இங்கிலாந்திலேயே இல்லை. இந்தச் சொற்கள் பால் பேசியவையாக இருக்க வாய்ப்பு குறைவு, பிரெஞ்சில் வேறு இருக்கின்றன. ஆனாலும் எதிரியின் பேச்சை அதன் முழு பலத்தோடு எழுத அவருக்குக் கை வந்தது. கேட்டவர்கள் ஏன் அவன் பின்னால் போனார்கள் என்பது அந்தப் பத்தியைப் படித்தால் புரிந்துவிடும். ஏளனம் செய்ய எழுதியது ஆறு நூற்றாண்டு கழித்து அந்தப் பாதிரிக்கு வக்காலத்தாக நிற்கிறது.

துதிபாடி என்பதற்கு எதிரான சான்றுபோலத் தெரியும் ஓர் இடம் இன்னும் உண்டு, அது அவருக்கே எதிராகத் திரும்பியது. 1370 செப்டம்பரில் மூன்றாம் எட்வர்டின் மகன் கறுப்பு இளவரசர் பிரான்சின் லிமோஜ் நகரத்தைப் பிடித்தபோது ஆண், பெண், குழந்தை என்று 3,000க்கு மேற்பட்டவர்கள் காலில் விழுந்து கெஞ்சியும் கழுத்தறுக்கப்பட்டார்கள், இதைக் கேட்டு அழாதவன் கல்நெஞ்சன் என்று எழுதினார். அவர் கொண்டாடிய இளவரசர்மேல் அவரே வைத்த பழி. இளவரசரின் பெயர் அன்றிலிருந்து கெட்டுப்போனது. ஆனால் லிமோஜ் மடத்துக் குறிப்பு ஒன்று செத்தவர்கள் சுமார் 300 பேர் என்கிறது. 2014இல் இளவரசர் நகரைப் பிடித்த சில நாளில் எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்தது. பிஷப்பையும் 200 நைட்டுகளையும் வீரர்களையும் கைதுசெய்ததைச் சொல்கிறது, மக்களைக் கொன்றதைப் பற்றி ஒன்றும் இல்லை. வென்றவன் கடிதத்தில் அது இருக்காது என்றும் வாதிடலாம். ஆனால் 3,000 என்பதை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? காஸ்தோன் ஃபெபூஸுக்கு. பதினெட்டு வருடம் கழித்து ஃப்ருவாசார் அந்த வீட்டுக்கு வாரக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்தார். கேட்டிருந்தால் காட்டியிருப்பார்களோ என்னவோ. அவர் தாளைத் தேடுகிறவர் அல்ல, ஆளைத் தேடுகிறவர். அவர் பலம், பலவீனம் இரண்டும் அதில்தான்.

கலே நகரத்து ஆறு பேர் கதையும் இப்படித்தான். எட்வர்டின் முற்றுகைக்குப் பின் நகரம் சரணடைந்தபோது கழுத்தில் கயிறோடு வந்த ஆறு பேரை, கர்ப்பிணியான பிலிப்பா மண்டியிட்டுக் காப்பாற்றிய காட்சி. பிரெஞ்சுச் சிற்பி ரொதேனின் புகழ்பெற்ற சிற்பம் அதைப் பார்த்துத்தான் பிறந்தது. முதலில் சொன்னது லெ பெல், பெரிதாக்கியது ஃப்ருவாசார். அந்த ஆறு பேரின் தலைவர் யுஸ்தாஷ் து சேன்-பியேர் அதே 1347ஆம் ஆண்டு அக்டோபரிலேயே எட்வர்டிடம் உதவித்தொகை பெற்றதற்கு ஆவணம் இருக்கிறது. அதை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் சிற்பம் வந்திருக்குமா?

எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெரும்பாலோர் க்ரெசியில் தொடங்கிப் பாதியில் கைவிடுகிறார்கள். போர்ப் பட்டியல்கள் அலுத்துவிடும். மூன்றாம் பாகத்து ஓர்தேஸ் பயணத்தில் தொடங்குங்கள். அப்புறம் நான்காம் பாகத்தில் அவர் 1395இல் இருபத்தேழு வருடம் கழித்து இங்கிலாந்துக்குத் திரும்பும் பகுதி. டோவரில் இறங்குகிறார், பழைய முகம் ஒன்றுகூட இல்லை. சிவப்பு வெல்வெட் உறை போட்ட தன் காதல் கவிதைத் தொகுப்பை ரிச்சர்டிடம் கொடுக்கிறார், எதைப் பற்றி என்று மன்னர் கேட்கிறார், காதலைப் பற்றி என்கிறார், மன்னர் மகிழ்கிறார். க்ரெசியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே வடிவத்தைப் படிக்காமல் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்து. ஷெஃபீல்டு, லிவர்பூல் பல்கலைக்கழகங்கள் பல பிரதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன, படங்களோடு. படங்களைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: புகழ்பெற்ற வண்ண ஓவியப் பிரதிகள் பல 1470களில் ப்ரூழ் நகரில் பணக்காரப் பிரபுக்களுக்காகச் செய்யப்பட்டவை. க்ரெசி வீரர்கள் அதில் அணிந்திருப்பது நூறு வருடம் பிந்திய கவசம்.

ரோம் பிரதியைத் தேடிப் படித்தால் அது 1350இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பின் மரணத்தோடு நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். கதையை முதலிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தவர் அந்த முறை அதுவரைதான் வந்துசேர்ந்தார்.